சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் முன்: 19ஆல் வகுக்காதீர்கள்

இங்கிலாந்தின் உச்சநிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில், ஒரு சீசனில் கிளப் தன் சொந்த மைதானத்தில் ஆடும் லீக் மேட்ச் (ஹோம் மேட்ச்) எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டைத் தருவதுதான் சீசன் டிக்கெட். அதற்கான புதுப்பித்தல் கடிதம் பெரும்பாலும் சீசன் முடிவதற்குள்ளேயே வந்துவிடும். சீசன் டிக்கெட் எடுத்து ஓரிரு வருடமே ஆனவர்கள் அதைப் பார்த்ததும் போடுவது ஒரே கணக்கு: மொத்த விலை, ஹோம் மேட்ச் 19, வகுத்தால் மேட்ச்சுக்கு இவ்வளவு, பரவாயில்லை, கட்டிவிடலாம். இன்னொரு கூட்டம், கடைசி நாலு மேட்ச்சும் தோற்ற எரிச்சலில் ‘வேண்டாம்’ என்று பட்டனைத் தட்டிவிடும். கடைசித் தேதியை மறப்பது, பாஸ்வேர்டைத் தொலைப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். அவை ஒருமுறை பட்டால் திருந்திவிடும். பட்டும் திருந்தாதவற்றை மட்டும் பார்ப்போம்.

போக முடியாத மேட்ச்சை விற்றுக்கொள்ளலாம் என்று நம்புவது

இருப்பதிலேயே அதிகப் பணத்தைத் தின்பது இதுதான். ‘வருடத்துக்கு ஆறு ஏழு மேட்ச் போக முடியாது, அதனால் என்ன, கிளப்பின் ரீசேல் (மறுவிற்பனைத்) தளத்தில் போட்டால் பணம் திரும்பிவிடும்’ என்று சொல்லாதவர் குறைவு. அந்தத் தளம் எப்படி வேலை செய்கிறது என்று விதிமுறையைப் படித்தவர் அதைவிடக் குறைவு.

முதலில், உங்களால் எந்த மேட்ச்சுக்குப் போக முடியாது என்று பாருங்கள். திங்கட்கிழமை இரவு 8 மணி, வாரநடுவில் ஒரு புதன்கிழமை, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் ஒன்று. எதிரணியும் பெரும்பாலும் பெரிய பெயராக இருக்காது. உங்களுக்கு எந்தக் காரணத்தால் போக முடியவில்லையோ, அதே காரணம்தான் மற்றவர்களுக்கும். பல கிளப்புகளில் ரீசேல் தளம், கிளப் தன் கையிலிருக்கும் டிக்கெட்டுகளை விற்று முடித்த பிறகுதான் திறக்கும். அந்தப் புதன்கிழமை மேட்ச் விற்று முடியாவிட்டால் உங்கள் சீட் பட்டியலிலேயே ஏறாது. ஏறினாலும் யாராவது வாங்கினால்தான் பணம். வாங்காவிட்டால் சீட் காலி, பணம் போனது போனதுதான்.

விற்றாலும் கைக்கு வருவது அந்த மேட்ச்சின் தனி டிக்கெட் விலை இல்லை. பெரும்பாலும் உங்கள் சீசன் டிக்கெட் விலையில் 19இல் ஒரு பங்குதான். சில இடங்களில் அதிலும் கட்டணம் பிடிப்பார்கள். அந்தத் தொகை வங்கிக் கணக்குக்கு வருமா, அடுத்த வருடப் புதுப்பித்தலில் கழித்துக்கொள்ளும் வரவாக மட்டும் நிற்குமா என்பதும் கிளப்புக்குக் கிளப் மாறும். சிறுவர், முதியோர் சலுகை டிக்கெட்டாக இருந்தால் பங்கு இன்னும் சிறியது. அந்த டிக்கெட்டைச் சலுகை இல்லாத ஒருவருக்கு மாற்றிக்கொடுக்க வித்தியாசத் தொகை கட்ட வேண்டிவரும்.

இதற்கு மேல், குறைந்தபட்ச வருகை விதி. பல கிளப்புகள் இப்போது இதைக் கொண்டுவந்துவிட்டன: இத்தனை மேட்ச்சுக்கு அந்த டிக்கெட் வாசலில் ஸ்கேன் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்க விடமாட்டார்கள். நண்பருக்கு அனுப்பியது, தளத்தில் போட்டு விற்காமல் போனது ஆகியவை வருகையாகக் கணக்கில் சேருமா என்பது ஒவ்வொரு கிளப்பிலும் வேறு வேறு. ஒரு சீசனில் எத்தனை முறை நண்பருக்கு அனுப்பலாம் என்பதற்கும் வரம்பு இருக்கலாம்.

இதெல்லாம் தெரிந்ததும் அடுத்து வரும் யோசனை, ‘வாட்ஸ்அப் குழுவில் வெளியாளுக்குக் கொடுத்துவிடலாம்’ என்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 166ஆவது பிரிவின்படி, அனுமதி இல்லாதவர் கால்பந்து டிக்கெட் விற்பதே குற்றம். டிக்கெட்டில் போட்ட விலைக்கே விற்றாலும் குற்றம்தான். லாபம் வைக்கவில்லை என்ற வாதம் எடுபடாது. வாங்கியவர் எதிரணி ரசிகராக இருந்து, உங்கள் அணி ரசிகர்கள் இருக்கும் ஸ்டாண்டில் (பார்வையாளர் பகுதியில்) தன் அணியின் கோலுக்குக் குதித்துவிட்டால், தடை விழுவது கணக்கு வைத்திருக்கும் உங்கள் பெயரில்.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். போன சீசனின் 19 ஹோம் மேட்ச்சையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். உட்கார்ந்து பார்த்ததற்கு மட்டும் ஒரு குறி. தளத்தில் போட்டு நிஜமாகவே பணம் வந்ததற்கு இன்னொரு குறி. ‘போயிருக்கலாம்’ என்பதற்குக் குறி கிடையாது. உதாரணத்துக்கு, டிக்கெட் 760 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம்; 19ஆல் வகுத்தால் 40. அந்தக் கணக்கில் யாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் போனது 13, தளத்தில் விற்றது 2 என்றால், திரும்பியது 80, மிச்சம் 680. மேட்ச்சுக்கு 52 பவுண்டுக்கு மேல் ஆகிறது.

இதை எதனோடு ஒப்பிடுவது என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். டிவியில் பார்ப்பதோடு ஒப்பிடக் கூடாது. கட்டணம் கட்டிக் கிளப்பில் உறுப்பினராகி, அதே மேட்ச்சுகளுக்குத் தனித்தனியாக டிக்கெட் வாங்குவதோடுதான் ஒப்பிட வேண்டும். உறுப்பினர் கட்டணம் 35, பெரிய மேட்ச் 3 தலா 68, நடுத்தரம் 5 தலா 52, மற்றவை 5 தலா 40 என்றால் மொத்தம் 699. சீசன் டிக்கெட் 19 பவுண்டு லாபம். அதே ஆள் 11 மேட்ச்சுக்குத்தான் போவார், தளத்தில் விற்பதும் அதே 2தான் என்றால், நடுத்தரத்தில் ஒன்றும் மற்றவற்றில் ஒன்றும் குறைந்து, தனி டிக்கெட் வழி 607தான். சீசன் டிக்கெட்டில் 73 பவுண்டு நஷ்டம். இரண்டே மேட்ச்சில் முடிவு தலைகீழாகிறது. அதனால்தான் ‘சுமார் பதினைந்து போவேன்’ என்ற குத்துமதிப்பு எதற்கும் உதவாது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: அந்த 68 பவுண்டு பெரிய மேட்ச்சுகளுக்கு உறுப்பினர்கள் குலுக்கலில் போட்டியிட வேண்டியிருக்கும், மூன்றும் கிடைக்கும் என்று உறுதியில்லை. அந்த மூன்றுக்காகவே போகிறவர் 73 பவுண்டைச் சீட்டுக்கு உறுதி வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அது வீண்.

எல்லாம் சனிக்கிழமை 3 மணி என்று நினைப்பது

மேட்ச் அட்டவணை வெளியாவது ஜூன் நடுவில். பல கிளப்புகளின் புதுப்பித்தல் அதற்குள் முடிந்துவிடும். அட்டவணை வந்த பிறகும் டிவி தேர்வில் தேதி நகரும்: வெள்ளி இரவு, சனி 12.30, சனி 5.30, ஞாயிறு, திங்கள். 2025-26இல் தொடங்கிய பிரிட்டன் ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் ஸ்கை சேனல் குறைந்தது 215 மேட்ச்சும், டிஎன்டி சேனல் 52 மேட்ச்சும் காட்டுகின்றன. சீசனின் மொத்த மேட்ச் 380. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை நேரடி ஒளிபரப்பு கிடையாது என்பதால், காட்டப்படும் மேட்ச் அந்த நேரத்தில் இருக்க முடியாது. உங்கள் அணி வியாழக்கிழமை ஐரோப்பியப் போட்டி ஆடினால் லீக் மேட்ச் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும். ஊரிலிருந்து ரயிலில் வருபவர், திங்கள் இரவு 10 மணிக்கு மேல் ஸ்டேஷனுக்கு நடந்து சேர்ந்தால் வண்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

கப் மேட்ச் திட்டத்தில் இருப்பதே தெரியாமல் இருப்பது

பெரும்பாலான சீசன் டிக்கெட்டில் 19 லீக் மேட்ச் மட்டும்தான். எஃப்ஏ கப், லீக் கப், ஐரோப்பியப் போட்டிகள் தனி. தானாகக் கப் டிக்கெட் எடுக்கும் திட்டத்தில் நீங்கள் சேர்ந்திருந்தால், ஹோம் மேட்ச் விழும் ஒவ்வொரு முறையும் கார்டிலிருந்து பணம் போகும். ஐரோப்பியப் போட்டிகளில், சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டமான லீக் சுற்றில் ஹோம் மேட்ச் மட்டும் 4, கான்ஃபரன்ஸ் லீக்கில் 3. விலக வேண்டுமென்றால், எதிரணி யார் என்று முடிவு செய்யும் குலுக்கலுக்கு முன்பே விலகுங்கள். எதிரணியின் பெயர் வந்தபின் பெரும்பாலும் முடியாது. ஆனால் சில கிளப்புகளில், இறுதிச்சுற்றுக்குப் போனால் அந்தத் திட்டத்தில் இருந்தவர்களுக்கே முன்னுரிமை. விதியைப் பார்த்துவிட்டு விலகுங்கள்.

தானாகப் புதுப்பித்தலை நம்பித் தூங்குவது

சேமித்த கார்டு காலாவதியாகியிருந்தால் பணம் பிடிபடாது. நினைவூட்டல் பழைய மின்னஞ்சலுக்குப் போகும். சீட் வேறொருவருக்குப் போகும். வேண்டாம் என்பவருக்கு இதே ஆபத்து எதிர்ப்பக்கம்: விலகும் தேதி கடந்தால் முழுத்தொகையும் பிடித்துவிடுவார்கள். ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பித்தரும் 14 நாள் உரிமை, குறிப்பிட்ட நாளில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுக்குக் கிடையாது.

தவணை என்றால் வட்டி இல்லை என்று எடுத்துக்கொள்வது

கிளப்பே நேரடியாகப் பிரித்து வாங்குவது வேறு; வெளி நிதி நிறுவனம் கடன் கொடுப்பது வேறு. இரண்டாவதில் வட்டியோ கட்டணமோ இருக்கலாம். கட்டாமல் விட்டால் உங்கள் கடன் வரலாற்றில் ஏறும். அந்தக் கடன் ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் விலகலாம். ஆனால் அதனால் ரத்தாவது கடன் மட்டும்தான். டிக்கெட் அப்படியே நிற்கும், முழுத்தொகையையும் நீங்களே கட்ட வேண்டும்.

பிள்ளையின் வயதைக் கிளப் பார்த்துக்கொள்ளும் என்பது

சலுகை வயது, மேட்ச் நடக்கும் நாளை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. சீசன் தொடக்கத்தை ஒட்டிய ஒரு குறிப்பிட்ட தேதியை வைத்துத்தான். அதற்குச் சில நாள் முன் பிறந்தநாள் வந்தால் வருடம் முழுக்க அடுத்த படி விலை. குடும்ப ஸ்டாண்டில் சீட் வைத்திருக்க, கூட ஒரு சிறுவர் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பிள்ளை வளர்ந்தால் உங்கள் இரண்டு சீட்டும் இடம் மாற வேண்டியிருக்கலாம்.

நல்ல சீட் கிடைக்கும் என்று பழையதை விடுவது

எதை முதலில் செய்வது என்பது இங்கே மாறிப்போகிறது. முதலில் புதுப்பியுங்கள், சீட் மாற்றும் நாட்கள் அதற்குப் பிறகுதான் வரும். மாற்றும்போது வரைபடத்தை மட்டும் பார்க்காதீர்கள். முன் வரிசைகளுக்குக் கூரை எட்டாது. காற்றோடு மழை வந்தால் கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் அதற்குப் பின் வரிசைகளிலும் விழும். 2022-23 முதல் அனுமதி பெற்ற நின்று பார்க்கும் பகுதிகளில், தடுப்புக் கம்பி ஒரு சிறுவனின் கண் உயரத்துக்கு வரக்கூடும். முன்னால் இருப்பவர் 90 நிமிடமும் நிற்பார்.

அடுத்த வருடம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவது

காத்திருப்போர் பட்டியல் இருக்கும் கிளப்பில் நீங்கள் பட்டியலின் கடைசிக்குப் போவீர்கள். அவே டிக்கெட்டுக்கு (எதிரணி மைதானத்தில் உங்கள் அணி ஆடும் மேட்ச்சுக்கான டிக்கெட்) முன்னுரிமை தரும், நீங்கள் சேர்த்த புள்ளிகளும் போகலாம். பெரும்பாலான மைதானங்களில் விருந்தினர் ரசிகர்களுக்குக் கிடைப்பது சுமார் 3,000 சீட், விலைக்கு 2016-17 முதல் 30 பவுண்டு உச்சவரம்பு. அந்த மலிவு டிக்கெட்டுக்கு இந்தப் புள்ளிதான் வழி. விடுவதற்கு முன் மூன்று கேள்வி எழுத்தில் கேளுங்கள்: ஒரு வருடம் நிறுத்திவைக்க முடியுமா, குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, புள்ளிகள் என்ன ஆகும். காத்திருப்போர் பட்டியலே இல்லாத கிளப்பில் இந்தப் பயம் தேவையில்லை; தாராளமாக விடலாம்.

புது மேனேஜரை நம்பிப் புதுப்பிப்பது

கிறிஸ்துமஸ் வரை அவர் இருப்பாரா என்பதே உறுதியில்லை. கணக்கில் சேர்க்காதீர்கள்.

கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் என்ன விலை என்று கேட்காமல் கட்டுவது

பிரீமியர் லீக்குக்கு அடுத்த டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் 24 அணி, ஹோம் மேட்ச் 23. நாலு மேட்ச் கூடுகிறது என்று மகிழ வேண்டாம். கூடுவதில் பல செவ்வாய், புதன் இரவுகள். முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்னும் கிளப், இறங்கினால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால், கடைசித் தேதி அனுமதிக்கும் வரை பொறுத்திருந்து, எந்த டிவிஷன் என்று தெரிந்தபின் கட்டுங்கள்.