சிக்னலில் மட்டும் சூடேறிய கார்

நெடுஞ்சாலையில் என் பழைய கார் சமர்த்தாக ஓடும். சிக்னலில் நின்றால் மட்டும் வெப்பமானி முள் சிவப்பை நோக்கி ஏறும். ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை மின்விசிறியுடையது. அது சுழலவில்லை. இதைக்கூடப் பார்க்காமல் அப்படிச் சொல்வது அநியாயம்.

ரேடியேட்டரின் அடியில் திருகியிருந்த, சூடேறியதும் விசிறியை இயக்கும் வெப்ப சுவிட்சின் இணைப்பைக் கழற்றினேன். பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. சாவியைப் போட்டுவிட்டு, இணைப்பின் இரு முனைகளையும் துண்டு ஒயரால் சேர்த்ததும் விசிறி விர்ரென்று சுழன்றது. ஆக மோட்டார், ஃபியூஸ், விசிறிக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலே மூன்றும் நலம். சந்தேகம் சுவிட்ச் மீதுதான்.

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே சுவிட்சைக் கழற்ற வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிடும். என் காரில் அந்த சுவிட்ச் 90 பாகை செல்சியஸை ஒட்டி மின்சாரத்தை இணைக்க வேண்டியது. அடிமுனை மட்டும் முங்கும்படி அதைக் கொதிக்கும் நீரில் பிடித்து, இணைப்பு கிடைத்தால் கீச்சிடும் மல்டிமீட்டரை வைத்தேன். சத்தமே இல்லை. புதியதோ, நீர் தளதளவென்று கொதிக்கும் முன்பே கீச்சிட்டது.

புதிய வாஷரோடு அதை முடுக்கி, கூலன்ட் நிரப்பி, ஆறியிருந்தபோதே திறந்த மூடியை மூடாமல் என்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினேன்.