அண்ணன் தம்பி சேர்ந்து கடை போட

அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவர். தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் ஒரு துணிக்கடையில் கடைசிவரை சம்பளத்துக்கு நின்றார். அவருடைய பிள்ளைகள் நானும் அண்ணனும் அதே வட்டாரத்தில் சொந்தக் கடை நடத்துகிறோம். கடை போட யோசனை கேட்டு வரும் தம்பிகளிடம், முதலில் சையது ஆல்வி சாலையில் உள்ள பேரங்காடியான முஸ்தபா சென்டரைச் சுற்றிவிட்டு வாருங்கள் என்பேன். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த முகமது முஸ்தபா தள்ளுவண்டியில் தேநீரும் ரொட்டியும் விற்றவர். அவர் மகன் முஸ்தாக் அகமது சிறுவனாக அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே கைக்குட்டை விற்றார். 1971-ல் குடும்பமாகக் கேம்பல் லேனில் ஆயத்த ஆடைக் கடை திறந்தார்கள். 1995-ல்தான் முஸ்தபா சென்டர் வந்தது. நடுவே 24 ஆண்டுகள்!

கைக்குட்டையைக் கவனியுங்கள். கெடாது, இடம் அடைக்காது, விலை குறைவு. முதல் சரக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். நாங்கள் உள்பாவாடை, துண்டு, கைலி இந்த மூன்றோடு தொடங்கினோம்.

எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டுங்கள். வாரத்தில் ஒரே நாள் விடுமுறை கிடைக்கும் தொழிலாளி பேரம் பேசவா வருகிறார்? ஒருவர் கைலியை எடுத்து, சீட்டைப் பார்த்து, சட்டைப்பையில் இருந்த வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) எண்ணி, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் கல்லாவுக்கு வந்தார். அந்த நிம்மதியை அவர் முகத்தில் பார்த்தேன்.

கல்லாவில் வீட்டுக் கை படக்கூடாது. முதல் வருடம் நாங்கள் இருவரும் அவசரத்துக்கு எடுத்தோம், எழுதி வைக்கவில்லை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியபோது கொடுக்கப் பணம் இல்லை. அண்ணி வளையலை அடகு வைத்தார். இன்றும் நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. உங்களுக்கும் மாதச் சம்பளம் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பதை உறவு இனிக்கும் காலத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். கூட்டுத்தொழிலாகப் பதிந்தால் கடைக் கடன் உங்கள் சொந்தச் சொத்து வரை வரும். தனியார் நிறுவனமாகப் பதிந்தால் பொதுவாக, நீங்கள் போட்ட முதலோடு நிற்கும். வங்கிக்குத் தனியாக உத்தரவாதக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், கவனம்.

இனி நான் பொன்னாக மதிக்கும் விஷயம்: கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. வாடிக்கையாளர் கேட்டு நாம் ‘இல்லை’ என்ற ஒவ்வொரு பொருளையும் அதில் எழுத வேண்டும். வேலைக்கு நிற்கும் பையனும் எழுத வேண்டும். ஒரே மாதத்தில் பத்து முறை வந்த பொருளை மட்டும் வாங்கி வையுங்கள். உள்பாவாடை வாங்க வந்தவர்கள் புடவை ஃபால்ஸ் கேட்டார்கள், பிறகு ஊக்கு, நூல்கண்டு, பிறகு தலைக்கு எண்ணெய். அப்படித்தான் எங்களுக்கு இரண்டாவது மாடி வந்தது. எந்த மாடியில் எதை வைப்பது என்பதையும் அந்த நோட்டுதான் சொன்னது.

போன மாதம் அதில் ஏறியது: குழந்தைக்கு அரைஞாண் கயிறு, பதினோரு பேர். நேற்று ஊரிலிருந்து அனுப்பச் சொல்லிவிட்டேன்.