புதைத்த காரை வெளியே எடுக்கும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். பண்ணை வீடு வாங்கியபோது கூடவே வந்த பழைய ஃபோர்டு பிக்கப். நீலத் தார்ப்பாயைச் சுற்றி, சக்கரம் வரை இறக்கி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். "அடுத்த வருஷம் வேலையை ஆரம்பிக்கலாம் அண்ணா, அதுவரை பத்திரமா இருக்கும்" என்றார். டாலஸில் பழைய கார்களைச் செப்பனிட ஆரம்பித்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இங்கிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில், ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது டல்ஸா நகரம். ஓக்லஹோமா மாநிலமாகி 50 ஆண்டு ஆனதைக் கொண்டாட, 1957 ஜூன் 15 அன்று அங்கே நீதிமன்றப் புல்தரைக்கு அடியில் ஒரு புத்தம்புது பிளிமத் பெல்வெடேரைப் புதைத்தார்கள், 2007இல் வெளியே எடுப்பதற்காக. பொன்னிறமும் வெள்ளையும் கலந்த கார். 2007இல் டல்ஸாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று மிக நெருக்கமாகக் கணித்தவருக்கு அதுதான் பரிசு. அணுகுண்டையே தாங்கும் என்று சொல்லித்தான் காரை வைக்க நிலத்தடியில் ஒரு கான்கிரீட் அறையைக் கட்டினார்கள். ஐம்பது வருஷம் கழித்து மூடியைத் தூக்கினால் உள்ளே தண்ணீர்.

இறுக்கி மூடினால் துரு வராது என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். பெல்வெடேருக்குத் துருத்தடுப்பு மசகு பூசி, மேலே பல சுற்று உறை போட்டிருந்தார்கள். அக்கறையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சும், விரிசலும் விடும். மழைநீர் இறங்கியது, வெளியேற வழியில்லை. காரைக் காக்கப் போட்ட உறையே சேறும் தண்ணீரும் தங்கும் பையாகிவிட்டது. உறையைப் பிரித்தபோது கார் முழுக்கத் துருவும் சேறும். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகள் இற்றுப்போய் அப்படியே அமர்ந்திருந்தது.

வெள்ளம் வர வேண்டும் என்றுகூட இல்லை. என் 1966 பிளிமத் வேலியண்ட்டை ஒரு குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் வைத்திருந்தேன். கொல்லையில், வெறும் மண்தரையில். ஒரு சொட்டு மழைகூட உள்ளே போகவில்லை. பகலில் மண்ணிலிருந்து ஆவி எழும், இரவில் தகடு குளிர்ந்ததும் அதன்மேல் வேர்த்து நிற்கும். தினமும் இதே கதை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். தார்ப்பாய்க்குள் ஒவ்வொரு இரவும் அது தாண்டியிருக்கும். வசந்தத்தில் பிரித்தபோது இருக்கையில் பூஞ்சை, ஓட்டுநர் பக்கத் தரைத் தகட்டில் விரல் நுழையும் ஓட்டை. தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க ஆன செலவில் ஒரு நல்ல கொட்டகை போட்டிருக்கலாம்.

காற்றுப் புகும் துணி உறை போதும். கீழே சிமென்ட் தரை, சக்கரம் தரையில் படாமல் ஜாக் ஸ்டாண்ட், முடிந்தால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம். டல்ஸாக்காரர்களும் பாடம் படித்தார்கள். 1998இல் ஒரு பிளிமத் பிரவ்லர் காரை 2048இல் திறக்கவென்று வைத்தபோது, தரைக்கு மேலேயே அறை கட்டினார்கள்.

உள்ளே பார்க்காமல் விழாவுக்கு நாள் குறிப்பது

முதலில் அறையின் மூடியில் ஒரு சிறு துளை போட்டு கேமராவை இறக்குங்கள். தண்ணீர் இருந்தால் மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, அடிச்சட்டம் எடையைத் தாங்குமா என்று தட்டிப் பார்த்த பிறகுதான் கிரேனுக்கே சொல்ல வேண்டும்.

சாவியைத் திருகிப் பார்ப்பது

டல்ஸாவில்கூட காரை ஓடவைத்துப் பார்க்கும் எண்ணம் இருந்தது. கார் இருந்த நிலையைப் பார்த்ததும் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. ஆனால் வெளியே பளபளப்பாக இருக்கும் காரில்தான் ஆபத்து அதிகம். சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரால் அதை இழுத்தால் ரிங் உடையும், வால்வு இறுகியிருந்தால் அதைத் திறக்கும் தள்ளுகம்பி வளையும். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் புது பேட்டரி வாங்கிவந்து இப்படி ஒரு நல்ல இஞ்சினைக் கெடுத்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றுங்கள். சில நாள், சில சமயம் சில வாரம் ஊற வேண்டும். அப்புறம் இஞ்சின் முன்பக்கம் இருக்கும் கிராங்க் கப்பியின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, கையால் மெதுவாக அசையுங்கள். அசையவில்லையா? இன்னும் ஊறட்டும்.

அழுத்தநீர் அடித்துக் கழுவுவது

வேண்டாம். சேற்றோடு தகடும் போய்விடும்.

டிக்கியில் பெட்ரோல் வைப்பது

2007இல் பெட்ரோல் கிடைக்காமல் போகலாம் என்று நினைத்து பெல்வெடேரோடு பெட்ரோலும் வைத்தார்கள். ஐம்பது வருஷப் பெட்ரோல் எதற்கும் ஆகாது.

எல்லாவற்றையும் சீர்செய்ய நினைப்பது

பரிசை வென்றவர் 1979இலேயே இறந்துவிட்டார், கார் அவருடைய உறவினர்களுக்குப் போனது. அதை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோய்த் துரு அகற்றினார்கள். வெளியே நிறமும் குரோமும் ஓரளவு தெரிந்தன. உள்ளே சட்டம் மீட்கவே முடியாத நிலையில் இருந்தது. அவர்கள் அதற்குமேல் போகாமல் நிறுத்தியதை நான் மதிக்கிறேன். 2017இல் இல்லினாய் மாநிலத்து ரோஸ்கோவில் ஓர் அருங்காட்சியகம் அதை அப்படியே ஏற்று வைத்துக்கொண்டது.

பிக்கப் தம்பி அன்று மாலையே தார்ப்பாயைப் பிரித்துவிட்டார். உள்பக்கம் நனைந்திருந்ததாம்.