அடுக்குகளும் அவற்றின் விதிகளும்: எண்ணிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் முறை

அடுக்கு விதிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்களில் பலர், தேர்வு முடிந்த சில மாதங்களிலேயே எந்த இடத்தில் அடுக்குகளைக் கூட்ட வேண்டும், எந்த இடத்தில் பெருக்க வேண்டும் என்று குழம்பிவிடுகிறார்கள். விதிகள் பிறந்த இடத்தைப் பார்க்காமல் விதிகளை மட்டும் கற்றுக்கொண்டதால் வரும் குழப்பம் இது. ஓர் எண் எத்தனை முறை பெருக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது என்ற ஒரே செயலிலிருந்துதான் அத்தனை விதிகளும் பிறக்கின்றன. எண்ணிப் பார்க்கப் பழகியவருக்கு ஒரு விதி மறந்துபோனாலும் அதை அரை நிமிடத்தில் தாமே மீட்டெடுத்துக்கொள்ள முடியும். ஆகவே இங்கே ஒவ்வொரு விதியையும் முதலில் விரித்து எழுதிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே சுருக்கமாகச் சொல்லப் போகிறோம்.

குறியீட்டைப் படிக்கும் முறை

2⁵ என்று எழுதினால் 2 × 2 × 2 × 2 × 2 என்று பொருள். அதன் மதிப்பு 32. கீழே நிற்கும் 2 அடிமானம், மேலே சிறிதாக நிற்கும் 5 அடுக்கு. அடிமானம் பெருக்கப்படும் எண். அடுக்கு அது எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு. 2⁵ஐ 2 × 5 என்று எண்ணி 10 என எழுதுவது தொடக்கத்தில் பலர் செய்யும் பிழை. அடுக்கில் உள்ள 5 பெருக்கலில் நேரடியாகக் கலந்துகொள்வதே இல்லை என்பதை மனத்தில் வைத்தால் இந்தப் பிழை வராது. எண்ணை இப்படி மேலே ஏற்றி எழுதும் வழக்கம் பிரெஞ்சுக் கணித அறிஞர் தேக்கார்ட் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலின் வழியாகப் பரவியது. ஆனாலும் வர்க்கத்தை மட்டும் அவர் பெரும்பாலும் ஒரே எழுத்தை இருமுறை அடுத்தடுத்து எழுதியே காட்டினார்.

அடுக்கு தனக்கு இடப்பக்கத்தில் ஒட்டி நிற்பதை மட்டுமே பற்றும் என்பதை எல்லா விதிகளுக்கும் முன்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 5 × 2³ என்பதில் அடுக்கு 2க்கு மட்டும் உரியது; எனவே விடை 5 × 8 = 40. (5 × 2)³ என்று அடைப்புக்குறி இருந்தால்தான் 10³, அதாவது 1000 கிடைக்கும். இதே காரணத்தால் −3² என்பது −9 ஆகும், (−3)² என்பது 9 ஆகும். முதலாவதில் 3 மட்டும் வர்க்கப்பட்டு அதன் பிறகு குறை அடையாளம் சேர்கிறது. இரண்டாவதில் குறை அடையாளமும் சேர்ந்தே பெருக்கப்படுகிறது. எக்செல் போன்ற கணக்குத் தாளில் அடுக்கைக் குறிக்க ^ என்ற குறியைப் பயன்படுத்தி =-3^2 என்று இட்டால் அது 9 என்றே விடை தரும், ஏனெனில் அந்த மென்பொருள் குறை அடையாளத்தை முதலில் எடுத்துக்கொள்கிறது. ஆகையால் கணினியில் இடும்போது அடைப்புக்குறியை நாமே போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

குறை எண்ணை அடிமானமாகக் கொண்ட அடுக்குகளுக்கு ஓர் எளிய ஒழுங்கு உண்டு. அடுக்கு இரட்டைப்படையானால் விடை மிகை எண்ணாகவும், ஒற்றைப்படையானால் குறை எண்ணாகவும் வரும். (−2)⁴ = 16, (−2)⁵ = −32.

பெருக்கலும் வகுத்தலும்

2³ × 2⁴ என்பதை விரித்தால் (2 × 2 × 2) × (2 × 2 × 2 × 2) என்று வரும். மூன்று இரண்டுகளும் நான்கு இரண்டுகளும் சேர்ந்து ஏழு இரண்டுகள்; எனவே விடை 2⁷ = 128. அடிமானம் ஒன்றாக இருக்கும் இரண்டு எண்களைப் பெருக்கும்போது அவற்றின் அடுக்குகளைக் கூட்டுகிறோம் என்ற விதி இவ்வளவுதான். அடிமானத்தைத் தொடாமல் விட வேண்டும். 4⁷ என்று எழுதினால் ஏழு இரண்டுகள் இருந்த இடத்தில் ஏழு நான்குகளை வைத்ததாக ஆகிவிடும்.

வகுத்தலில் இதே எண்ணிக்கை மறுதிசையில் நடக்கிறது. 3⁷ ÷ 3⁵ என்பதைப் பின்னமாக எழுதினால் மேலே ஏழு மூன்றுகள், கீழே ஐந்து மூன்றுகள். ஐந்து இணைகள் அடிபட்டு, மேலே இரண்டு மூன்றுகள் எஞ்சும்; விடை 3² = 9. ஆகவே வகுக்கும்போது மேலுள்ள அடுக்கிலிருந்து கீழுள்ள அடுக்கைக் கழிக்கிறோம்.

இந்த இரண்டு விதிகளும் கூட்டலுக்குப் பொருந்தா. 2³ + 2⁴ என்பது 8 + 16 = 24; இதை 2⁷ என்று எழுத எந்த நியாயமும் இல்லை. இருந்தாலும், 2ஐ அடிமானமாகக் கொண்ட ஒரே எண் இருமுறை வந்தால் ஒரு நயமான சுருக்கம் கிடைக்கிறது: 2¹⁰ + 2¹⁰ என்பது இரண்டு 2¹⁰, அதாவது 2 × 2¹⁰ = 2¹¹. இங்கேயும் பெருக்கலாக மாறிய பிறகுதான் விதி நுழைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அடிமானங்கள் வேறுபட்டாலும் அடுக்குகளைக் கூட்ட முடியாது; 2³ × 3² என்பதை 8 × 9 = 72 என்று கணக்கிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பூச்சியமும் குறை எண்ணும் அடுக்காக வரும்போது

பலரும் தடுமாறும் பகுதி இது. அதனால் இதில் சற்று நிதானமாகச் செல்வது நல்லது. ஓர் எண்ணைப் பூச்சியம் முறை பெருக்குவது என்றால் என்ன, குறை இரண்டு முறை பெருக்குவது என்றால் என்ன என்று கேட்டால், எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் பதில் சொல்ல இயலாது. ஆகையால் கணிதம் கேள்வியை வேறு விதமாக வைக்கிறது: இதுவரை கண்ட விதிகள் தொடர்ந்து செல்லுபடியாக வேண்டுமானால் இந்த அடுக்குகளுக்கு என்ன மதிப்பைத் தர வேண்டும்?

2⁴ = 16, 2³ = 8, 2² = 4, 2¹ = 2 என்று வரிசையாக இறங்கிப் பாருங்கள். அடுக்கு ஒன்று குறையும் ஒவ்வொரு முறையும் மதிப்பு பாதியாகிறது. அந்த ஒழுங்கு உடையாமல் அடுத்த படிக்கு இறங்கினால் 2⁰ = 1; அதற்கும் கீழே 2⁻¹ = 1/2, 2⁻² = 1/4, 2⁻³ = 1/8. வகுத்தல் விதியைக் கொண்டு பார்த்தாலும் இதே விடைதான். 5³ ÷ 5³ என்பது ஓர் எண்ணை அதே எண்ணால் வகுப்பது, ஆகவே 1. விதிப்படி அது 5⁰. அதே போல 3⁵ ÷ 3⁷ என்பதில் ஐந்து இணைகள் அடிபட்ட பின் கீழே இரண்டு மூன்றுகள் எஞ்சுகின்றன, அதாவது 1/9. விதிப்படி அது 3⁻². இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால்தான் இந்த வரையறையை நாம் நம்பிக்கையோடு ஏற்கிறோம்.

குறை அடுக்கு விடையைக் குறை எண்ணாக மாற்றாது. 3⁻² என்பது −9 அன்று, 1/9. குறை அடையாளம் சொல்வது தலைகீழியை, அதாவது 1ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதை, எடுக்க வேண்டும் என்பதை மட்டுமே. அடிமானம் பின்னமாக இருந்தால் இது இன்னும் எளிது: (2/3)⁻² என்பதில் பின்னத்தைத் தலைகீழாக்கி (3/2)² என்று எழுதினால் 9/4.

அடிமானம் பூச்சியமாக இருக்கும்போது மட்டும் இந்த வழி அடைபடுகிறது. 0⁻¹ என்பது 1ஐப் பூச்சியத்தால் வகுப்பதாகும், அதற்கு மதிப்பே கிடையாது. 0⁰ஐப் பொறுத்தவரை, எத்தனை வகைகளில் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணும் சேர்மானக் கணக்குகளில் அதை 1 என்று எடுத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது; எல்லைகளைப் பற்றிய நுண்கணிதத்தில் அதற்கு நிலையான ஒரு மதிப்பைத் தருவதில்லை. பள்ளிக் கணக்குகளில் பூச்சிய அடுக்கு விதியைச் சொல்லும்போது அடிமானம் பூச்சியமாக இருக்கக் கூடாது என்று சேர்த்தே எழுதுவது சரியான பழக்கம்.

அடுக்கின் மேல் அடுக்கும் அடைப்புக்குறியும்

(2³)⁴ என்பது 2³ஐ நான்கு முறை பெருக்குவது. ஒவ்வொன்றிலும் மூன்று இரண்டுகள் இருப்பதால் மொத்தம் பன்னிரண்டு இரண்டுகள்: 2¹² = 4096. எனவே அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் இரண்டு அடுக்குகளையும் பெருக்குகிறோம். முன்பு பார்த்த 2³ × 2⁴ என்பதன் விடை 128 தான் என்பதை இதனோடு ஒப்பிட்டால், எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது என்ற குழப்பம் நீங்கிவிடும்.

அடைப்புக்குறிக்குள் பெருக்கல் இருந்தால் வெளியே உள்ள அடுக்கு ஒவ்வொரு காரணிக்கும் சேரும்: (2 × 5)³ = 2³ × 5³. இந்த விதி மறுதிசையில்தான் அதிகம் பயன்படுகிறது. 2⁷ × 5⁴ என்பதைப் பார்த்தவுடன் நான்கு இரண்டுகளையும் நான்கு ஐந்துகளையும் இணைத்து 10⁴ ஆக்கிக்கொண்டால், எஞ்சுவது 2³; விடை 8 × 10⁴ = 80,000. தாளும் பேனாவும் இல்லாமலே முடிந்துவிடுகிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் கூட்டல் இருந்தால் அடுக்கை இப்படிப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. (2 + 3)² என்பது 25. 2² + 3² என்பது 13. விடுபட்ட 12, இரு எண்களும் குறுக்காகப் பெருக்கிக்கொண்டதால் வரும் 2 × 2 × 3.

பின்ன அடுக்குகள்

9^(1/2) என்ற எண்ணை வர்க்கப்படுத்தினால், அடுக்கின் மேல் அடுக்கு விதிப்படி 9¹ = 9 கிடைக்க வேண்டும். வர்க்கப்படுத்தினால் 9 தரும் மிகை எண் 3. ஆகவே 9^(1/2) என்பது 9இன் வர்க்கமூலம். இதே போல 8^(1/3) என்பது 8இன் கனமூலமான 2. 8^(2/3) என்பது அதன் வர்க்கமான 4. 1676இல் ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்சுக்குச் சென்றடையும்படி எழுதிய கடிதம் ஒன்றில் நியூட்டன் பின்னங்களையும் குறை எண்களையும் அடுக்காக வைத்தே எழுதினார். அடிமானம் மிகை எண்ணாக இருக்கும்வரை இதுவரை சொன்ன விதிகள் அனைத்தும் பின்ன அடுக்குகளுக்கும் அப்படியே பொருந்தும்.

கணக்கில் பயன்படுத்தும் முறை

கலப்புக் கணக்கு ஒன்று வந்தால் முதலில் அடைப்புக்குறிகளை நீக்கி, பிறகு ஒரே அடிமானம் உள்ளவற்றைச் சேர்த்து, கடைசியில்தான் எண் மதிப்பைக் காண வேண்டும். (2³ × 3²)² ÷ (2⁴ × 3⁵) என்பதில் முதல் பகுதி 2⁶ × 3⁴ ஆகிறது. இரண்டுகளில் 6 − 4 = 2, மூன்றுகளில் 4 − 5 = −1; எனவே 2² × 3⁻¹ = 4/3. தொடக்கத்திலேயே எண்களாக்கி 5184ஐ 3888ஆல் வகுக்க முனைந்தால் உழைப்பும் கூடும், பிழைக்கும் இடம் உண்டாகும்.

அடிமானங்கள் வேறாகத் தோன்றினால், அவற்றை ஒரே அடிமானத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பது பயனுள்ளது. 4³ × 8² ÷ 2⁵ என்பதில் 4 = 2², 8 = 2³ என்று மாற்றினால் 2⁶ × 2⁶ ÷ 2⁵ = 2⁷ = 128. ஒப்பிடும் கணக்குகளில் அடுக்கை ஒன்றாக்குவது உதவும். 2³⁰, 3²⁰ ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால், முதலாவது (2³)¹⁰ = 8¹⁰, இரண்டாவது (3²)¹⁰ = 9¹⁰; எனவே 3²⁰ பெரியது. இரண்டு எண்களின் உண்மையான மதிப்பை நாம் காணவே இல்லை.

மிகப் பெரிய எண்களையும் மிகச் சிறிய எண்களையும் கையாளும்போது பத்தின் அடுக்குகள் இன்றியமையாதவை ஆகின்றன. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தொலைவு ஏறத்தாழ 1.5 × 10¹¹ மீட்டர். ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர். ஒளி வந்துசேர ஆகும் நேரத்தைக் காண, 1.5ஐ 3ஆல் வகுத்து 0.5 என்றும், 11இலிருந்து 8ஐக் கழித்து 10³ என்றும் எழுதினால் 0.5 × 10³ = 500 வினாடிகள், அதாவது எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேல். பெருக்கலும் வகுத்தலும் இவ்வளவு எளிதாக முடியும். கூட்டுவதற்கு மட்டும் அடுக்குகளை முதலில் சமமாக்கிக்கொள்ள வேண்டும். 3 × 10⁵ உடன் 4 × 10⁴ஐக் கூட்ட, முதலாவதை 30 × 10⁴ என்று மாற்றி எழுதினால் 34 × 10⁴ கிடைக்கும். புள்ளிக்கு இடப்பக்கம் ஓர் இலக்கம் மட்டும் நிற்கும் வழக்கமான அறிவியல் குறியீட்டில் அது 3.4 × 10⁵.