ஆடி 18 அன்று போனை அப்பாயியிடம் கொடுங்கள்

ஆடிப்பெருக்குக்குக் கும்பகோணம், திருவையாறு பக்கம் ஊருக்குப் போகிறீர்களா? காவிரிப் படித்துறையிலிருந்து திரும்பியதும் போனை அப்பாயி கையில் கொடுத்து, "இந்த வீட்டுல உனக்குப் பிடிச்ச இடத்தைப் படம் எடு" என்று சொல்லுங்கள். எங்கள் அப்பாயி எடுத்தது, நெல் கொட்டி வைக்கும் குதிர் முன்பு இருந்த வெறும் மூலையை. படம் கோணல்தான். ஆனால் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சையும் பதிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய படங்களைத் திண்ணை நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஆல்பம் படங்களின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். சித்தப்பா, அத்தைக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் படத்தின் தரம் குறைந்துவிடும்.