திரையில் தொலையும் சாண் கணக்கு

காவிரிக்கரையில் கவின்கலை மாணவர்களுக்குக் கலை வரலாறு கற்பிப்பது என் தொழில். புதிதாகப் பணியில் சேர்பவர்களின் வகுப்பில் சில நாள் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதுண்டு. முன்பு நான் செய்த பிழைகளை அவர்களும் அதே வரிசையில் செய்வதைக் காணும்போது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. குறிப்பேட்டை வரிவரியாக வாசிப்பது, முன்வரிசையை மட்டும் பார்த்துப் பேசுவது போன்றவை ஒரு செமஸ்டருக்குள் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தாமாகச் சரியாகாத பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்தல்

விடைத்தாளோடு மறந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே அளவில் காட்டுதல்

இதுதான் எனக்கு இன்றும் ஆறாத பிழை. புள்ளமங்கைக் கோயில் பசுபதிகோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தது. அதன் அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழேயுள்ள அடிப்பீடத்தில், இராமாயணக் காட்சிகள் ஒரு சாண் அகலம்கூட இல்லாத சிறு கட்டங்களுக்குள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்க்க நாம் குனிய வேண்டும். நானோ அவற்றைப் புரொஜெக்டரில் சுவர் முழுவதும் விரித்துக் காட்டினேன். அடுத்த படமாக, 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையும் அதே சுவரில், அதே அளவில் காட்டினேன். செமஸ்டர் இறுதியில் மாணவர்களை நேரில் அழைத்துச் சென்றபோது ஒருவன், “ஐயா, வகுப்புல காட்டின ராமாயணச் சிற்பம் எந்தச் சுவர்ல இருக்கு?” என்று கேட்டான். அவன் முழங்கால் அந்தச் சிற்பத்தின் மீது உரசிக்கொண்டிருந்தது.

அதோடு போயிருந்தால் வேடிக்கையாகவே முடிந்திருக்கும். சிற்பத்துறை மாணவன் ஒருவன் அதற்குள் அந்தக் கட்டங்களில் ஒன்றை இறுதியாண்டுப் படைப்புக்குத் தேர்ந்தெடுத்து, திரையில் கண்ட அளவை நம்பி 4 அடி உயரக் கருங்கல்லைக் கடன்பட்டு வாங்கியிருந்தான். சாண் அகலத்தில் சிற்பி இரண்டு உளிக்கொத்தில் உணர்த்திவிட்ட முகத்தை 4 அடியில் நிரப்ப அவனிடம் எந்தத் தகவலும் இல்லை. கண், மூக்கு, நகை என அவனாகவே கற்பனையில் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் கல்லில் நின்றது காலண்டர் படம். பிழை என்னுடையது, மதிப்பெண் குறைந்தது அவனுக்கு.

இப்போது படத்தைத் திரையிடுவதற்கு முன்பே, சிற்பத்தின் உண்மையான அளவுக்கு வெட்டிய காகிதத்தைக் கரும்பலகையில் ஒட்டிவிடுகிறேன். சுவாமிமலைச் சிலைப் பட்டறைகளில் திருமேனியின் உயரத்துக்குத் தென்னங்கீற்றை நறுக்கி, அதை மடித்து மடித்தே முகம், மார்பு, முழங்கால் ஆகியவற்றுக்கு அளவு குறித்துக்கொள்ளும் ஒடியோலை முறையையும் அன்றே செய்துகாட்டுகிறேன். ஓலையை மடித்த கைக்கு அளவு மறப்பதில்லை.

பாடத்தை எங்கோ தொடங்குதல்

சிஸ்டைன் தேவாலயக் கூரையை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டினார் என்பதைத் தடையின்றிச் சொல்லும் மாணவர்கள், தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931-இல் தெரியவந்த செய்தியை அறியாமல் பட்டம் வாங்குகிறார்கள். மைக்கலாஞ்சலோவைக் குறைக்கச் சொல்லவில்லை. சுண்ணச் சாந்து காய்வதற்குள் தீட்ட வேண்டும் என்ற சிக்கலை உள்ளூர்க் கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ரோமாபுரிக்குப் போனால், அந்தக் கூரையே வேறு மாதிரித் தெரியும்.

மன்னனையே சிற்பியாக்குதல்

தலைமைச் சிற்பியான குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. நம் வகுப்புக் குறிப்புகளில்தான் இல்லை.

நண்பகலில் கோயிலுக்கு அழைத்துச் செல்லுதல்

நடை சாத்தியிருக்கும். தரைக்கல்லிலும் கால் வைக்க முடியாது.