ஷேக் டப்பாவுக்குப் பணம் கட்டும் முன்: கடும் கலோரிக் குறைப்பில் நாம் செய்யும் தவறுகள்

போன வருஷம் எங்கள் பெரியப்பா ஒரு எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தார். சாப்பாட்டுக்குப் பதிலாகப் பொடியைக் கரைத்துக் குடிக்கும் ஷேக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒரு கிண்ணம் காய்கறி சூப், அவ்வளவுதான் சாப்பாடு. நான்காம் நாள் பதினோரு மணி இருக்கும், பெரியம்மா போன் செய்தார். "சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சுடா, கை நடுங்குது, பேச்சு குழறுது, சீக்கிரம் வா." ஓடிப்போய் விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 52, ரொம்பவே இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, அப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அன்று காலையிலேயே பெரியப்பா அந்தத் திட்டத்தின் கோச்சுக்கு வாட்ஸ்அப்பில் "தலை சுற்றுகிறது" என்று எழுதியிருக்கிறார். வந்த பதில்: "உடம்பிலிருக்கும் நச்சு வெளியேறுகிறது சார், தண்ணீர் நிறையக் குடிங்க." நடந்தது அதுவல்ல. பத்து வருஷமாகப் போடும் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையை அன்றும் வழக்கம்போலப் போட்டிருக்கிறார். அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், சாப்பாடு வந்ததா இல்லையா என்றெல்லாம் அது பார்க்காது. சேரும்போது உயரம் கேட்டார்கள், எடை கேட்டார்கள், மாத்திரைச் சீட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான், அதனால்தான் முதலில் சொல்கிறேன். சுகர் மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ போடுகிறவர், டாக்டரிடம் காட்டி அளவை மாற்றாமல் இந்த மாதிரி உணவுமுறையை ஒரு நாள்கூடத் தொடங்கக் கூடாது. பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வு 2017-ல் வெளியானது, ஷேக் விற்பவர்கள் அதைத்தான் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்குச் சுமார் 825 முதல் 853 கலோரி மட்டும் கொடுத்தார்கள், ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் இருந்தது. உண்மைதான், அருமையான ஆய்வு. ஆனால் அதில் முதல் நாளே சுகர் மாத்திரைகளையும் பிரஷர் மாத்திரைகளையும் நிறுத்தினார்கள், பயிற்சி பெற்ற நர்ஸும் உணவியல் நிபுணரும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பாதியை விற்பவர்கள் சொல்வதில்லை. நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்துதான், அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரை போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதோடு பட்டினி சேர்ந்தால், சுகர் அளவு அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடி, வாந்தியும் மூச்சு வாங்கலுமாக ஐசியு வரை போய்விடும்.

இதைச் சாதாரண டயட் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒரு நாளைக்கு 800 கலோரியோ அதற்கும் கீழோ போனால் மருத்துவத்தில் அதற்குத் தனி வகை, தனி விதிமுறை. ஹோட்டலில் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டாலே 800-ஐத் தாண்டிவிடும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடல் பருமன் நன்றாகக் கூடியவர்களுக்கு, டாக்டர் கண்காணிப்பில், பொதுவாக 12 வாரத்துக்கு மேல் போகாமல் கொடுப்பது அது. கல்யாணத்துக்குள் ஆறு கிலோ குறைக்க நினைக்கும் 68 கிலோ பெண்ணுக்கானது இல்லை. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள், முதல் வகை சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், சாப்பாடு தொடர்பான மனநலக் கோளாறு இருந்தவர்கள், இவர்கள் யாரும் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

"புரோட்டீன் இருக்கிறதே, பிறகென்ன பயம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் திரவப் புரோட்டீன் ஒரு பெரிய அலையாகப் பரவியது. கசாப்புக் கூடத்தில் மிஞ்சும் மாட்டுத் தோல், தசைநார் போன்றவற்றின் கொலாஜனைக் கரைத்து, சுவையூட்டிப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள். ஒரு நாளைக்கு 400 கலோரிக்கும் குறைவு. கொலாஜனில் சில முக்கிய அமினோ அமிலங்கள் போதுமான அளவு கிடையாது, ஒன்று அறவே இல்லை. 1977, 78 வாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. பலர் இளம் வயதினர், வேறு நோய் எதுவும் இல்லாதவர்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகி, திடீரென்று போய்விட்டார்கள். மருத்துவர் பார்வையில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. உடம்புக்குச் சாப்பாடு போதாதபோது கொழுப்போடு தசையும் கரையும், இதயமும் தசைதான். இன்று நல்ல தரமான பொடிகளில் பால் புரோட்டீன், சோயா, தாது உப்புகள் எல்லாம் சேர்க்கிறார்கள், அந்தக் காலத்துச் சரக்கு இல்லை. ஆனாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் புரோட்டீன், ஒரு வேளைக்கு எத்தனை கிராம், பொட்டாசியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். தொடங்கும் முன் ஒரு ஈசிஜி, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், யூரிக் அமிலம், இதெல்லாம் எடுக்கச் சொல்லாத திட்டம் எனக்குத் திட்டமாகவே தெரியவில்லை.

பித்தப்பையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. கொழுப்பு வேகமாகக் கரையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடுகிறது. சாப்பாட்டில் எண்ணெயே இல்லையென்றால் பித்தப்பை சுருங்கி அதை வெளியே தள்ள வேலையே இல்லை, பித்தநீர் அங்கேயே தேங்கிக் கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் கல் வரும் வாய்ப்பு நன்றாகவே ஏறும். டைரக்ட் ஆய்விலேயே ஒருவருக்குப் பித்தப்பை வலி வந்திருக்கிறது. அதனால் துளி எண்ணெய் கூட வேண்டாம் என்று நீங்களாகக் கூடுதல் கட்டுப்பாடு போடாதீர்கள், ஒரு வேளையாவது கொஞ்சம் கொழுப்பு உள்ளே போக வேண்டும். வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்து, முதுகுக்கோ தோளுக்கோ பரவும் வலி வந்தால் அதை கேஸ் என்று ஜெலுசில் குடித்துச் சமாளிக்காமல் ஸ்கேனுக்குப் போங்கள்.

முதல் வார எடையை நம்பிப் பணம் கட்டுவது இன்னொன்று. "ஒரே வாரத்தில் நாலு கிலோ" என்று எடை மெஷின் படத்தைக் குரூப்பில் போடுவார்கள். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த சர்க்கரை கரையும்போது, அது பிடித்து வைத்திருக்கும் அதைவிட மூன்று மடங்கு எடையுள்ள தண்ணீரும் கூடவே போகும். அந்த நாலு கிலோவில் பெரும்பகுதி அதுதான், இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். அதைப் பார்த்து மூன்று மாதத்துக்கான பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கும், அப்போது ஷாம்பூவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கடைசியாக, முடிந்த பிறகு என்ன என்று கேட்காமல் சேர்வது. 1988 நவம்பரில் அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் நிகழ்ச்சியில், தான் குறைத்த 67 பவுண்டுக்கு, அதாவது சுமார் 30 கிலோவுக்கு, ஈடான விலங்குக் கொழுப்பை ஒரு சிவப்பு வண்டியில் வைத்து இழுத்து வந்தார். அவர் பின்பற்றியது ஆப்டிஃபாஸ்ட் என்ற திரவ உணவுத் திட்டம், ஏறக்குறைய நான்கு மாதம் திட உணவே கிடையாது. மறுபடி வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்ததும் எடை திரும்ப ஏறியதை அவரே வெளிப்படையாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவ்வளவு வசதியும் ஆள்பலமும் இருந்தவருக்கே அந்த நிலை. 1991-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஆப்டிஃபாஸ்ட் உள்ளிட்ட மூன்று திட்டங்களின் விற்பனையாளர்கள் மீது, பாதுகாப்பு பற்றியும் எடை திரும்பாது என்பது பற்றியும் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக நடவடிக்கை எடுத்தது. டைரக்ட் ஆய்விலும் 46 சதவீதம் இரண்டாம் வருஷத்தில் 36 ஆகிவிட்டது. அங்கே திட உணவுக்கு மெதுவாகத் திரும்பவே சில வாரங்கள் ஒதுக்கி, அதற்குப் பிறகும் மாதாமாதம் சந்தித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே சேரும் முன் கோச்சிடம் இந்த ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: பன்னிரண்டு வாரம் முடிந்து, பதிமூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலையில் நான் எத்தனை இட்லி சாப்பிடலாம்? அவரிடம் அதற்கு எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தால் வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொரு டப்பாதான் பதில் என்றால் பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.